சைக்கிள் மணியும் இசட் புள்ளியும்

கேள்வி: முதல் தடவை உயர்தரப் பரீட்சை எழுதி, மருத்துவ பீடத்துக்கான மட்டக்களப்பு மாவட்ட வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டேன். வெற்றிடம் நிரப்பும்போது கிடைக்குமா? தூக்கமே வருவதில்லை.
– மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், தெரிவான யாராவது பதிவு செய்யாமல் விட்டால்தான் இடம் காலியாகும்; பிறகு இசட் புள்ளி, அதாவது உயர்தரப் பெறுபேறுகளை ஒப்பிடக் கணிக்கும் தரப்படுத்திய புள்ளி, வரிசையில் அடுத்தவருக்குப் போகும். அதில் உங்கள் கையில் ஒன்றுமில்லை. என் மகன் காத்திருந்த காலத்தில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் சோற்றுக் கையோடு படலைக்கு ஓடுவான். வந்ததெல்லாம் தொலைபேசிக் கட்டணப் பட்டியல்! உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம். உயிரியல் குறிப்புகளைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். காலையில் இரண்டு மணிநேரம் படியுங்கள், போதும். கோயில் வாசலில் துருவித் துருவி விசாரிப்பவர்களுக்கு, “இன்னும் தெரியாது” என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.