தீ, புகை, பூட்டு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

இருபத்தாறு வருடம் தீயணைப்புப் பணியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நம் குடியிருப்பில் மொத்தம் நாற்பது வீடு, உள்ளே வர ஒரே ஒரு சாலை. போன வாரம் மீட்டர் பெட்டியில் புகை வந்தபோது எல்லாரும் ஓடி வந்தீர்கள், ஆனால் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்ட மூன்று பேரும் அந்த ஆட்களையே கேளுங்கள், அது என் துறை இல்லை.

கே: எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்கிறார்கள். கொஞ்சமாக ஊற்றினாலுமா?

ப: கொஞ்சமாக ஊற்றினாலும்தான். தீப்பிடித்த எண்ணெயின் சூடு 300 டிகிரி செல்சியஸுக்கு மேலே இருக்கும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அதனால் நேராக அடிக்குப் போகும், போன வேகத்தில் ஆவியாகும். ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் கிட்டத்தட்ட 1,700 பங்கு இடம் பிடிக்கும். அந்த ஆவி, மேலே எரிந்துகொண்டிருக்கும் எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறி எறியும், ஒரு டம்ளர் தண்ணீருக்கு அடுப்படிக் கூரை வரை தீ எழும்பும். அடுப்பை அணையுங்கள். மூடியைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்து, உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடுங்கள். அப்புறம் தொடாதீர்கள். தீ அணைந்ததா என்று ஐந்தாவது நிமிடம் திறந்து பார்க்கிறவர்கள் உண்டு, எண்ணெய் அப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும், காற்றுப் பட்டதும் மறுபடி பற்றும். எரிகிற வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடவே ஓடாதீர்கள், நான் பார்த்த கால் காயங்களில் மிக மோசமானவை அப்படி வந்தவைதான்.

கே: எந்தத் தீயணைப்பான் வாங்க வேண்டும்?

ப: வீட்டுக்கு ஏபிசி பவுடர் வகை போதும். துணி, மரம், பெட்ரோல், காஸ், மின்சாதனம் எல்லாவற்றுக்கும் ஆகும். மீட்டர் அறைக்குக் கார்பன் டை ஆக்சைடு வகை நல்லது, பவுடர் படிந்து சாதனம் கெடாது. ஆனால் அதன் கொம்புக் குழலைக் கையால் பிடிக்காதீர்கள், பனிக்கட்டியைவிடக் குளிர்ந்து தோலைப் பிடித்துக்கொள்ளும். பின்னை இழுத்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, தீயின் அடியைப் பார்த்து, இடமும் வலமுமாக வீசி அடியுங்கள். வீட்டில் வைக்கிற அளவு சிலிண்டர் பத்துப் பதினைந்து வினாடியில் காலி. அதில் அடங்காத தீ உங்களுக்கு அடங்காது, கிளம்பிவிடுங்கள். அடிக்கும்போது வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், தீக்குப் பின்னால் அல்ல.

கே: காஸ் வாசனை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடலாமா?

ப: கூடாது. போடவும் கூடாது, ஓடுவதை நிறுத்தவும் கூடாது. சுவிட்சில் வரும் சின்னப் பொறி போதும். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படிந்து அடுத்த அறை வரைக்கும் போகும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே போய், வெளியிலிருந்து போன் பண்ணுங்கள்.

கே: (இரண்டு குழந்தைகளின் அம்மா) இரவில் தீப்பிடித்தால் புகை வாசனைக்கு எழுந்துவிட மாட்டோமா?

ப: மாட்டீர்கள் அம்மா. தூங்கும்போது மூக்கும் தூங்கும். தீயில் இறப்பவர்களில் பெரும்பாலானவர்களைக் கொல்வது புகைதான், தீ அவர்களிடம் வந்து சேரும் முன்பே. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. படுக்கையறைக்குள் ஒன்று, அறைக்கு வெளியே ஒன்று என்று புகை அலாரம் மாட்டுங்கள், மாதம் ஒரு முறை பட்டனை அழுத்திப் பாருங்கள், பத்து வருடமானால் மாற்றிவிடுங்கள். படுக்கப் போகும்போது அறைக்கதவைச் சாத்துங்கள். சாதாரண மரக்கதவு சாத்தியிருந்தாலே சில நிமிடம் கிடைக்கும். சாத்துங்கள் என்றுதான் சொன்னேன், பூட்டச் சொல்லவில்லை. இன்னொன்று, புகை சூழ்ந்தால் சின்னப் பிள்ளைகள் ஓட மாட்டார்கள், கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் ஒளிந்துகொள்வார்கள். அலாரச் சத்தத்தை அவர்களுக்குக் கேட்கவைத்து, அது கேட்டால் தரையோடு தவழ்ந்து வாசலுக்கு வர வேண்டும் என்று விளையாட்டாகப் பழக்குங்கள்.

கே: (கடைசி வீட்டுக்காரர்) என் வீட்டில் இரண்டு முறை திருட்டு நடந்தது. இரவில் கிரில் கேட்டை உள்ளே பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைக்கிறேன். நீங்கள் பூட்டக்கூடாது என்கிறீர்கள். தீ எப்போதோ வருவது, திருடன் நேற்று வந்தவன்.

ப: உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு முறை விடியற்காலை மூன்று மணிக்கு அழைப்பு. தரைத்தள வீடு, எரிந்தது ஹாலில் ஒரு சோபா மட்டும்தான். உள்ளே ஒரு பெரியவர், தனியாக இருந்தார். கிரில் கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. வெளியே அக்கம்பக்கத்தார் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பூட்டை வெட்ட எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கேட்டுக்கு உள்பக்கம், தரையில், கம்பியைப் பிடித்தபடி கிடந்தார். கரி படிந்த கம்பியில் ஐந்து விரலும் இருந்த இடம் மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. சாவி ஃபிரிட்ஜின் மேல் ஒரு சின்ன டப்பாவில் இருந்தது, பத்திரமாக. அவர் பிழைக்கவில்லை.

1911-இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியிலிருந்து இறங்கும் ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. ஏன் பூட்டினார்கள்? தொழிலாளர்கள் துணியைத் திருடிக்கொண்டு போகாமல் இருக்க.

கே: (அதே வீட்டுக்காரர்) அது தொழிற்சாலை, நூற்றுக்கணக்கான பேர். என் வீட்டில் நாலு பேர்தான். சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ப: விளக்கு எரியும்போது தெரியும். கரும்புகையில் உங்கள் கையையே உங்களால் பார்க்க முடியாது. இன்றைய வீட்டில் சோபா, மெத்தை எல்லாமே நுரைப் பொருள், ஓர் அறை முழுதும் பற்ற ஐந்து நிமிடம்கூட வேண்டாம். அதில் நீங்கள் எழுந்து, பிள்ளைகளை எழுப்பி, சாவியைத் தேடி, துவாரத்தில் நுழைத்துத் திருப்ப வேண்டும். வாதம் வேண்டாம், இன்று இரவு விளக்கை அணைத்துக் கண்ணை இறுக்கக் கட்டிக்கொண்டு படுக்கையிலிருந்து தவழ்ந்து போய்ப் பூட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் மனைவி நேரம் பார்க்கட்டும்.

கே: (நாலாம் வீட்டு அம்மா) அவர் சொல்வதும் சரிதானே ஐயா, பெண்கள் தனியாக இருக்கும் வீட்டில் பூட்டாமல் எப்படித் தூங்குவது? சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடலாமா?

ப: கம்பி வழியாகக் கைவிட்டு வெளியே இருப்பவன் எடுத்துவிடுவான், அதனால் வேண்டாம். நான் திறந்துபோட்டுத் தூங்கச் சொல்லவில்லை. வெளியிலிருந்து திறக்க முடியாமல், உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட தாழ்ப்பாள்கள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன். ஜன்னல் கம்பிக்கும் இதேதான், ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னலின் கம்பிச் சட்டமாவது உள்ளிருந்து கொண்டியை எடுத்தால் திறக்கும்படி இருக்கட்டும்.

கே: எந்தத் தீயணைப்பான் நல்லது, ஏபிசியா வேறா?

ப: மேலே சொல்லியாயிற்று.

கே: மின்சாரத் தீக்குத் தண்ணீர்?

ப: வேண்டாம். மெயினை அணையுங்கள்.

கே: ஸ்கூட்டர் பேட்டரியை ஹாலில் சார்ஜ் போடலாமா?

ப: வாசல் கதவுக்குப் பக்கத்திலும் மாடிப்படிக்கு அடியிலும் போடாதீர்கள், தூங்கும் நேரத்தில் போடாதீர்கள், அதனுடன் வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குள் ஒரு செல் சூடேறினால் அந்தச் சூடு அடுத்த செல்லைக் கிளப்பும், அது அதற்கடுத்ததை. அணைந்த மாதிரி இருந்து மணிக்கணக்கு கழித்தும் மறுபடி எரியும். உப்பிப்போன பேட்டரியை வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள்.

கே: தீக்காயத்துக்குப் பற்பசை தடவுவது சரியா?

ப: தப்பு. ஐஸும் தப்பு. ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், கடிகாரத்தைப் பார்த்து இருபது. மோதிரம், வளையலை வீங்கும் முன் கழற்றுங்கள், ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவரிடம் போங்கள். மற்றதை அவர் சொல்வார்.

கே: எங்கள் வீட்டுக்கு ஒரு தீயணைப்பான் வாங்கலாம் என்று இருக்கிறோம். எது...

ப: ஐயா, மூன்றாவது தடவை. தயவுசெய்து மேலே படியுங்கள். படித்துவிட்டு, முதலில் உங்கள் கேட்டின் பூட்டைப் பாருங்கள், தீயணைப்பான் அப்புறம்.

கே: (குடியிருப்புச் செயலாளர்) பொதுவாக நாம் என்ன செய்ய வேண்டும்?

ப: இதுதான் நான் எதிர்பார்த்த கேள்வி. முதலில் சாலை. தீயணைப்பு வண்டி நுழையக் குறைந்தது மூன்றரை, நான்கு மீட்டர் அகலம் வேண்டும். நம் வளைவில் இரண்டு பக்கமும் கார் நின்றால் அதில் பாதிதான் மிச்சம். அந்த வளைவில் யாரும் வண்டி நிறுத்தக்கூடாது, விருந்தாளியானாலும் சரி. அடுத்தது தண்ணீர். 4,500 லிட்டர் வண்டி என்றால், ஒரு குழாய் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் அடித்தாலே பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். நம் பொதுத் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டி வந்து நிற்க இடம் விட்டு, தொட்டி மூடியைப் பூட்டாமல் கனமான மூடியாகப் போட்டால் அங்கிருந்தே உறிஞ்சிக்கொள்வார்கள்.

பிறகு ஆட்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார், யாருக்குக் காது கேட்காது, அவரைத் தூக்கப் பக்கத்து வீட்டில் எந்த இரண்டு பேர் வருவார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எல்லாரும் வந்து நிற்க ஓர் இடம், அரச மரத்தடியோ தொட்டியடியோ, ஒன்றைச் சொல்லுங்கள். அங்கே தலை எண்ணினால்தான் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தெரியும். தெரியாததால்தான் வெளியே வந்தவர் மறுபடி உள்ளே ஓடுகிறார். வெளியே வந்தவர் பணத்துக்கோ போனுக்கோ திரும்பப் போகவே கூடாது.

பொது அறையில் கூட்டம் நடக்கும்போது பின்கதவைத் திறந்து வையுங்கள், அதற்கு முன்னால் நாற்காலி அடுக்காதீர்கள். எல்லாரையும் ஒரு தடவை அந்த வழியாக வெளியே அனுப்பிப் பாருங்கள். ஆட்கள் நுழைந்த வாசலுக்கே திரும்ப ஓடுவார்கள். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். வேறு வழிகள் இருந்தும் கூட்டம் முன்வாசலிலேயே நெருக்கியடித்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அடைபட்டது.

கே: (கடைசி வீட்டுக்காரர்) நேற்று இரவு கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். சாவியை எடுக்கும்போது கீழே விழுந்துவிட்டது. மூன்று நிமிடம் தாண்டியதும் என் மனைவி விளக்கைப் போட்டுவிட்டாள். என்ன தாழ்ப்பாள் வாங்குவது?

ப: செய்து பார்த்ததற்கு நன்றி தம்பி. உள்பக்கம் கைப்பிடியைத் திருப்பினால் திறக்கிற, வெளிப்பக்கம் மட்டும் சாவி கேட்கிற பூட்டு என்று கேளுங்கள். கைப்பிடியைச் சுற்றி ஒரு முழத்துக்குக் கம்பியின் மேல் இரும்புத் தகடு அடித்துவிட்டால் வெளியிலிருந்து கைவிட்டுத் திருப்ப முடியாது. தகட்டின் ஓரத்திலிருந்து நீளக் கம்பி விட்டும் எட்டுகிறதா என்று பொருத்துகிறவரை வைத்தே பாருங்கள். இரண்டும் பொருத்த அரை நாள் வேலை. கைப்பிடியை உங்கள் தோள் உயரத்தில் வைக்காதீர்கள். சின்ன மகளை வாசலில் நிறுத்தி, அவள் கை எட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு வெல்டரைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் வருகிறேன்.