கண்ணாடியே ஆடாதா? ஈர்ப்பு அலைக் கருவிகள்: வாசகர் கேள்விகள்

கே: 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவியில் பதிவான ஈர்ப்பு அலையால் (வெளியையே நீட்டிச் சுருக்கும் அலை), கண்ணாடிகளுக்கிடையே லேசர் ஒளி ஓடும் 4 கி.மீ. கையின் நீளம் புரோட்டான் குறுக்களவில் நானூறில் ஒரு பங்கு அளவே மாறியது என்கிறார்கள். கண்ணாடியில் உள்ள அணுக்களே வெப்பத்தில் அதைவிடப் பல மடங்கு ஆடுமே?

ப: ஆடும். ஆனால் லேசர் எந்த அணுவையும் தனியாகப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் விழும் ஒளிவட்டம் 10 செ.மீ.க்கும் அகலமானது. அதற்குள் அடங்கும் எண்ணற்ற அணுக்களின் ஆட்டம் முன்னும் பின்னுமாக ஒன்றையொன்று ஈடுகட்டிச் சராசரியாகிவிடும். தவிர, அணுக்கள் நொடிக்கு லட்சம் கோடிக் கணக்கில் துடிப்பவை. கருவி கவனிப்பதோ ஏறத்தாழ 10 முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான்.

அதற்காக வெப்பம் நம்மை விட்டுவிடுவதில்லை. 40 கிலோ சிலிக்காக் கண்ணாடி, அதே சிலிக்காவில் இழுத்த 0.4 மி.மீ. தடிமனுள்ள நான்கு இழைகளில் தொங்குகிறது. முதல் தலைமுறைக் கருவியில் இருந்தது எஃகுக் கம்பி. எஃகுக்குள் உராய்வு அதிகம். அதனால் வெப்ப ஆட்டம் எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடக்கும். சிலிக்காவில் உராய்வு மிகக் குறைவு. இழுத்துக் கட்டிய தந்தி ஒரே சுருதியில் நின்று ஒலிப்பதுபோல, இழையின் ஆட்டம் 500 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்முனைகளில் ஒதுங்கிவிடும். அந்த மெல்லிய பட்டையை மட்டும் ஒதுக்கினால் போதும்.

இன்று பெரிய தொல்லை கண்ணாடி முகத்தில் உள்ள பிரதிபலிப்புப் பூச்சுதான். தடிமன் சில மைக்ரான். ஆனால் அதிலுள்ள டான்டலம் ஆக்சைடு அடுக்குகளின் உராய்வால், 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் 40 கிலோ கண்ணாடியைவிட அதிகமாக இரைகிறது. ஜப்பானின் ஈர்ப்பு அலைக் கருவியான காக்ரா, நீலமணிக் கண்ணாடிகளைக் கடுங்குளிரில் வைக்கும் வழியில் இறங்கியதற்கு இந்த வெப்ப இரைச்சலே காரணம்.

கே: லேசர் சக்தியைக் கூட்டிக்கொண்டே போனால் நுட்பமும் கூடாதா?

ப: ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் கெடும். ஒளி துகள் துகளாக வருவதால் எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் இருக்கும். சக்தியை நான்கு மடங்காக்கினால் இந்த இரைச்சல் பாதியாகும். ஆனால் அதே ஒளித்துகள்கள்தான் கண்ணாடியைத் தள்ளுகின்றன. அந்தத் தள்ளலின் ஏற்ற இறக்கம் இரட்டிப்பாகும். முன்னது உயர் அதிர்வெண்ணில் தெரியும், பின்னது தாழ்வில். போதாக்குறைக்கு, பூச்சில் ஒட்டிய ஒரு நுண்துகள் சூடாகிக் கண்ணாடி முகத்தைப் புடைக்க வைக்கும், ஒளி வழிதவறும்.

ஆகவே சக்தியை மட்டும் நம்பாமல் 2019 முதல் லைகோ 'நெருக்கிய ஒளி'யையும் பயன்படுத்துகிறது. ஒளியின் கட்டத்தில் (அலை ஏற்ற இறக்கத்தின் எந்த நிலையில் இருக்கிறது என்பதில்) உள்ள நிச்சயமின்மையைக் குறைத்து, அதை வீச்சின் (அலையின் உயரத்தின்) பக்கம் தள்ளிவிடும் உத்தி இது. வீச்சு ஆடினால் தாழ் அதிர்வெண்ணில் கண்ணாடி கூடுதலாகத் தள்ளப்படுமே? அதற்குத்தான் 300 மீட்டர் நீள வடிகட்டிக் குழி, அதாவது கண்ணாடிகளுக்கிடையே ஒளி போய்த் திரும்பும் தனிக் குழாய். உயர்வில் கட்டம், தாழ்வில் வீச்சு என்று நெருக்கும் திசையையே அது மாற்றித் தருகிறது. 2023-ல் தொடங்கிய கண்காணிப்பு ஓட்டத்திலிருந்து இது வேலை செய்கிறது.

கே: 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏன் எட்டவில்லை?

ப: நிலம் விடாது. நில அசைவைத் தடுக்கவே கண்ணாடியை ஊசலாகத் தொங்கவிடுகிறார்கள். ஊசலின் இயல்பு அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் என்றால், 10 ஹெர்ட்ஸ் நில அசைவில் நூறில் ஒரு பங்குதான் கீழே இறங்கும். நான்கு ஊசல்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால், கணக்குப்படி 10 கோடியில் ஒரு பங்கு. 1 ஹெர்ட்ஸை நெருங்கினாலோ ஊசல் வடிகட்டாது, பெருக்கும்.

ஊசலை மேம்படுத்தினாலும் தீராத ஒன்று உண்டு. நில அலை கடக்கும்போது மண்ணின் அடர்த்தி மாறும். மாறும் மண்ணின் ஈர்ப்பே கண்ணாடியை நேரடியாக இழுக்கும். ஈர்ப்புக்கு எதிராகச் சுவர் எழுப்ப முடியாது. சுற்றிலும் நில அதிர்வு உணரிகளை நட்டு, இழுப்பைக் கணித்துக் கழிக்கலாம். இல்லையேல் பாதாளத்துக்கோ விண்வெளிக்கோ போக வேண்டியதுதான்.

கே: பறவை கொத்தியதுகூடப் பதிவானதாமே?

ப: ஆம், 2017-ல், லைகோவின் இரு நிலையங்களுள் ஒன்றான ஹான்ஃபோர்டில். குளிர்ந்த நைட்ரஜன் செல்லும் குழாயில் படிந்த பனியை அண்டங்காக்கைகள் கொத்தின. ஒலிவாங்கிப் பதிவுகள் காட்டிக்கொடுத்தன, குழாயை மூடிவிட்டார்கள். இப்படிப்பட்டவை 3,000 கி.மீ. தள்ளியுள்ள மற்றொரு நிலையமான லிவிங்ஸ்டனில் 10 மில்லிநொடிக்குள் அதே வடிவில் வராது என்பதால் எளிதில் கழிந்துவிடும். எதிர்மாறானதுதான் சிக்கல்: 2017 ஆகஸ்ட் 17 அன்று நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை வந்தபோது, லிவிங்ஸ்டன் தரவில் மோதலுக்குச் சுமார் ஒரு நொடி முன்பு ஓர் இரைச்சல் வெடிப்பு விழுந்தது. தானியங்கித் தேடல் அந்தத் தரவைத் தள்ளிவிட்டது. மனிதர்கள் பார்த்து, வெடிப்பை மட்டும் நீக்கி, அடியில் இருந்த அலையை மீட்டார்கள்.