குடல் நோயோடு வாழும்போது மனதுக்கு யார் துணை?

கேள்வி: எனக்கு வயது 31. நான்கு வருடங்களாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிறது. மருந்தில் ஓரளவு கட்டுக்குள் உள்ளது. ஆனால் வெளியே கிளம்பவே பயமாக இருக்கிறது. வீட்டில், "எல்லாம் டென்ஷன்தான், தைரியமாக இரு" என்கிறார்கள். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. இரவில் காரணமில்லாமல் அழுகை வருகிறது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? மனநல மருத்துவரிடம் போக வேண்டுமா?

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் உங்கள் டென்ஷனால் வந்ததில்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறி, பெருங்குடலின் உள்சுவரைப் புண்ணாக்குவதுதான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். மனஅழுத்தம் தொந்தரவுகளைக் கூட்டலாம், அது உண்மை. அதேபோல, குடலில் அழற்சி கிளம்பும்போது மனமும் சேர்ந்து சோர்கிறது. குடலுக்கும் மூளைக்கும் நடுவே நரம்பு வழியாகவும் ரத்தத்தின் வழியாகவும் ஓயாமல் செய்தி போய்வந்துகொண்டிருக்கிறது. உங்களுடையதைப் போன்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குப் பதற்றமும், நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நோய் தீவிரமாக இருக்கும் நாட்களில் இது இன்னும் அதிகம். ஆகவே "தைரியம் இல்லாதவள்" என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

அழுகைக்கும் அசதிக்கும் மனம்தான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் உடலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மலத்தில் ரத்தம் போய்ப்போய் ரத்தசோகை வந்திருக்கலாம். இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி குறைந்தாலும் உடல் ஓய்ந்துபோகும். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தால் உள்ளே அழற்சி அடங்கியிருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். அப்புறம், அழற்சியை அடக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்து. அந்த வகையைச் சேர்ந்த பிரெட்னிசலோன் எடுக்கும் நாட்களில் தூக்கம் கெடுவது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது, அழுகை முட்டிக்கொண்டு வருவது எல்லாம் சகஜம். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் படிப்படியாகக் குறைப்பார்.

சரி, யாரிடம் சொல்வது? எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஒருவர் முழுவதும் அறிந்திருந்தால் போதும். அதை வயிறு படுத்தும் நேரத்தில் சொல்லாமல், நன்றாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து பேசுங்கள். "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால், "தைரியமாக இரு" என்ற பதில்தான் வரும். என்ன செய்வதென்று தெரியாதவர்கள் சொல்கிற வார்த்தை அது. அன்பில்லாமல் சொல்வதில்லை. அவர்களுக்கு ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள்: "எனக்கு அவசரம் வந்தால் ஏன், எதற்கு என்று கேட்காமல் வண்டியை நிறுத்துங்கள்." "நான் கழிப்பறையில் இருக்கும்போது கதவைத் தட்டாதீர்கள்." "ராத்திரி அழுதால் சமாதானம் சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்." அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் அந்த ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். நீங்கள் பத்து தடவை சொன்னது காதில் ஏறாமல், மருத்துவர் ஒரு தடவை சொன்னதும் புரிந்துகொள்ளும் குடும்பங்கள் நிறைய உண்டு.

அலுவலகத்தில் நோயின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. "நாள்பட்ட குடல் நோய் இருக்கிறது, சில சமயம் சட்டென்று எழுந்து போக வேண்டியிருக்கும்" என்று நம்பகமான ஒருவரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். மறைப்பதற்காகச் செலவாகும் சக்தி கொஞ்சமில்லை. அதில் பாதி மிச்சமானாலும் லாபம்தான்.

இதே நோய் உள்ளவர்களோடு பேசுவதைப் போன்ற மருந்து வேறில்லை என்று நான் நம்புகிறேன். பையில் மாற்றுடை வைத்துக்கொள்வதை வெட்கமில்லாமல் பேசுகிற இன்னொருவரைச் சந்திக்கும்போதே பாதி பாரம் இறங்கிவிடும். உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள், ஆதரவுக் குழுக்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: அங்கே மிகவும் அவதிப்படுகிறவர்களின் குரல்தான் அதிகம் கேட்கும். நன்றாக இருப்பவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவதிப்படுகிறவர்களுக்கு நடந்ததெல்லாம் உங்களுக்கும் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று மருந்தை மாற்றவும் வேண்டாம்.

மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போகலாமா என்றால், தாராளமாகப் போங்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது வெளியே போகும் பயம்தான். ஒருநாள் அவசரம் வந்து தவித்தது மனதில் பதிந்துவிடுகிறது. அடுத்து அந்த வழியைத் தவிர்க்கிறோம். பிறகு கிளம்பும் முன் சாப்பிடாமல் இருக்கிறோம், நான்கு முறை கழிப்பறைக்குப் போகிறோம், கடைசியில் கிளம்புவதையே விட்டுவிடுகிறோம். குடல் ஆறிய பிறகும் இந்தப் பழக்கம் ஆறுவதில்லை. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்கிற பேச்சு சிகிச்சை இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. பக்கத்துத் தெருவில் கொஞ்ச நேரம், அப்புறம் சற்றுத் தூரம் என்று வெளியே போவதை உளவியலாளர் உங்களோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பழக்குவார். மனச்சோர்வுக்கு மாத்திரை தேவைப்பட்டாலும் பயம் வேண்டாம். அவற்றில் சில ஆரம்பத்தில் மோஷனை இளக்கும் என்பதால், இரண்டு மருத்துவர்களுக்கும் எல்லா மருந்துகளும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே இருந்தாலோ, முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனாலோ தள்ளிப்போடாதீர்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வழக்கமான பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவர் மோஷன் எத்தனை முறை, ரத்தம் போகிறதா என்றுதான் முதலில் கேட்பார். அந்தப் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். உட்கார்ந்ததுமே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வாய்விட்டுச் சொல்ல வரவில்லையென்றால், எனக்கு எழுதிய இதே வரிகளை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.