பிரிக்காத 61 பெட்டிகளும் குறையாத கார்டு பாக்கியும்

கேள்வி: எனக்கு வயது 39. மனைவி, 7 வயது மகளுடன் ஆவடியில் வசிக்கிறேன். தனியார் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். பிடித்தம் போக மாதம் 68,000 ரூபாய் கைக்கு வருகிறது. எட்டு ஆண்டுகளாக, கிட் எனப்படும் பாகப் பெட்டிகளை வாங்கி, உண்மைக் காரின் 24-ல் ஒரு பங்கு (1/24) அளவில் பிளாஸ்டிக் கார் மாதிரிகளைச் செய்து வருகிறேன். இதுவரை முடித்தவை 22. இன்னும் பிரிக்காத பெட்டிகள் 61. கிரெடிட் கார்டில் 1,42,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. மாதம் தவறாமல் 8,000 கட்டியும் பாக்கி கூடிக்கொண்டேதான் போகிறது. மியூச்சுவல் ஃபண்டு எஸ்.ஐ.பி.யில் மாதம் 6,000 போகிறது. மகளின் படிப்புக்கென வங்கி வைப்பில் 90,000, சேமிப்புக் கணக்கில் 40,000 இருக்கின்றன. தன் சங்கிலியை அடகு வைத்துக் கார்டை அடைக்கலாம் என்கிறார் மனைவி. மைத்துனரோ, 3 லட்சம் தனிநபர் கடன் வாங்கி, அதில் ஒரு பாதியால் கார்டை அடைத்துவிட்டு, மீதியைத் தன்னோடு சேர்ந்து குறைந்த எண்ணிக்கையில் வெளியாகும் உலோகக் கார் மாதிரிகளில் போடச் சொல்கிறார். உற்பத்தி நின்ற பின் விலை ஏறும் என்பதால் என் பெட்டிகளும் ஒரு முதலீடுதான் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். இந்தப் பொழுதுபோக்கையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டியதில்லை. உங்கள் கவலை முழுவதும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரவு செலவை எழுதி வையுங்கள், காப்பீடு எடுங்கள் என்றெல்லாம் நான் இங்கே விரிக்கப்போவதில்லை. தொழிற்சாலையில் அளவு பார்த்துப் பழகிய உங்களுக்கு அவை தெரியாதவை அல்ல. உங்களுக்குத் தீங்கு செய்வது ஒரே ஒரு பழக்கம். பாக்கி நிற்கும் கார்டிலேயே அடுத்த பெட்டியையும் வாங்குகிறீர்கள்.

கார்டில் வாங்கினால் 45, 50 நாள் வரை வட்டி இல்லை என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். முந்தைய மாதத்துப் பாக்கியை முழுதாகக் கட்டியவருக்கு மட்டுமே அந்தச் சலுகை உண்டு. ஒரு பகுதியை மட்டும் கட்டி மீதியை நிறுத்தி வைத்தால், பழைய பாக்கிக்கு மட்டுமல்லாமல், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கடன் மதிப்பெண் கெடாது. அதற்கு மேல் அது எதற்கும் பயன்படுவதில்லை. நீங்கள் அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கட்டுவதால் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டின்படி வட்டி மாதம் 3.6 சதவீதம். 1,42,000 ரூபாய்க்கு அது சுமார் 5,100 ரூபாய் ஆகிறது. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 900 ரூபாய்க்கு மேல் சேர்கிறது. ஆக மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய்விடுகிறது. நீங்கள் கட்டும் 8,000 ரூபாயில் அசலைத் தொடுவது 2,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே மாதத்தில் கிட், பெயின்ட், கூடுதல் பாகங்கள் என்று சராசரியாக 4,200 ரூபாய்க்குப் புதிதாக வாங்கியிருக்கிறீர்கள். எனவே, இப்படியே போனால், ஓராண்டில் 96,000 ரூபாய் கட்டிய பிறகும் பாக்கி 27,000 ரூபாய்க்கு மேல் கூடியிருக்கும். வங்கி உங்களை ஏமாற்றவில்லை. இந்தக் கணக்கு அப்படித்தான் நடக்கும்.

இனி பெட்டிகளை முதலீடு என்று எண்ணியதைப் பார்ப்போம். இந்த எண்ணம்தான் பழக்கத்துக்குத் துணை நிற்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வரியோடு சேர்த்து உங்கள் கார்டின் செலவு மாதம் 4.25 சதவீதம், வட்டிக்கு வட்டி பார்க்காவிட்டாலும் ஆண்டுக்கு 51 சதவீதம். இன்று 4,200 ரூபாய்க்கு வாங்கும் பெட்டி, ஓராண்டு கழித்து உங்களுக்கு 6,300 ரூபாய்க்கு மேல் அடக்கமாகியிருக்கும். அதைப் பத்திரமாகக் கட்டி அனுப்பும் செலவும் போக லாபம் வர வேண்டுமென்றால், ஓராண்டுக்குள் அதன் விலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற வேண்டும். அப்படி ஏறும் கிட்டுகள் எங்கோ சில இருக்கலாம். ஆனால் எது ஏறும் என்று முன்கூட்டியே அறிந்து வாங்கியவை அல்ல உங்கள் 61 பெட்டிகள்.

உற்பத்தி நின்றுவிட்டது என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் பட்டியலில் பெரும்பாலானவை டாமியா, ஹசெகாவா, ஃபுஜிமி, அவோஷிமா ஆகிய நிறுவனங்களுடையவை. நான்குமே ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தைச் சேர்ந்தவை. 1976-ல் வெளிவந்த 1/12 அளவு போர்ஷே 934-க்காக டாமியா நிறுவனம் உண்மையான போர்ஷே 911 கார் ஒன்றையே வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தது என்பது உங்களைப் போன்றவர்கள் அறிந்த செய்திதான். அவ்வளவு உழைப்பும் பணமும் போட்டுச் செய்த வார்ப்பு அச்சை எந்த நிறுவனமும் ஒரு தடவை ஓட்டிவிட்டு மூலையில் போடாது. சில ஆண்டுகள் இடைவெளி விட்டு, புதிய டெகாலோடும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) புதிய அட்டைப்படத்தோடும் மறுபடி கொண்டுவரும். அந்த 934-ம் பின்னாளில் மறுபடி வந்ததுதான். மறுவெளியீடு வரும் நாளில், பழைய பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுக்க இருந்தவர்களில் பாதிப் பேர் புதியதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

காத்திருக்கும் காலத்தில் பெட்டிக்குள் இருப்பதும் அப்படியே இருப்பதில்லை. டெகால் தாள் மஞ்சளாகிறது. அதன் பசை வலுவிழந்து, தண்ணீரில் நனைத்ததும் சில நேரம் துண்டு துண்டாகப் பிரிகிறது. மென்மையான வினைல் டயர் பிளாஸ்டிக் பாகத்தைத் தொட்டபடியே கிடந்தால், டயரிலிருந்து கசியும் மென்மையூட்டி அந்தப் பாகத்தை இளக்கிப் பள்ளமாக்கிவிடும். குளிர்சாதனம் இல்லாத அறையின் பரணில், சென்னையின் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் இது இன்னும் விரைவாக நடக்கும். இப்படிப்பட்ட பொருளை 51 சதவீத வட்டிக்கு வாங்கி அடுக்கிவிட்டு முதலீடு என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இன்று வாங்காவிட்டால் நாளை விலை ஏறிவிடும் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது; சுங்கப் பட்டியலில் அளவு மாதிரிகளும் அதே தலைப்பின் கீழ்தான் வருகின்றன. கடைகளில் விலை கூடியதை நீங்களே கண்டிருப்பீர்கள். ஆயினும், ஒரு கிட்டின் விலை அடுத்த ஆண்டு 15 சதவீதம் கூடும் என்று அஞ்சி, அதை இன்றே 51 சதவீதச் செலவில் வாங்குவது கணக்குக்குப் பொருந்தாது.

எட்டு ஆண்டில் 22 என்றால் ஆண்டுக்கு மூன்றுக்கும் குறைவாகவே முடிக்கிறீர்கள். இந்த வேகத்தில் 61 பெட்டிகளையும் செய்து முடிக்கும்போது உங்களுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். பெட்டி ஒன்றுக்குச் சராசரி 3,000 ரூபாய் என்று வைத்தால் பரணில் இருப்பது சுமார் 1,83,000 ரூபாய். உங்கள் கார்டு பாக்கியைவிட அதிகம். அதே சமயம், ஒரு காரை நிதானமாகச் செய்து முடிக்க உங்களுக்கு 50 மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிட் 3,000, பெயின்ட் முதல் உப்புத்தாள் வரை 1,500 என்றால், மணிக்கு 90 ரூபாய். உழைப்பும் நுணுக்கமும் மன அமைதியும் தரும் ஒரு பொழுதுபோக்குக்கு இது நியாயமான செலவு. ஆண்டுக்கு மூன்று கார் செய்தாலும் மாதம் 1,100 ரூபாய்தான் ஆகிறது. ஆனால் இன்று உங்களுக்கு மாதம் ஆவது, வாங்குவதற்கு 4,200, வட்டிக்கு 6,000 எனப் பத்தாயிரத்துக்கு மேல். செய்வது உங்களை ஒருபோதும் கடனில் தள்ளவில்லை. கைவேலைக்குத் தேவையானதற்கு மேல் வாங்கியதுதான் தள்ளியது.

மைத்துனரின் யோசனையை உறுதியாக மறுத்துவிடுங்கள். 3 லட்சம் ரூபாயை 14 சதவீத வட்டிக்கு மூன்று ஆண்டுத் தவணையில் வாங்கினால் மாதம் 10,250 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 3,69,000 ரூபாய். அவரிடம் போகும் ஏறத்தாழ 1,58,000 ரூபாயின் பங்காக மட்டும் மாதம் 5,400 ரூபாயை, கார்கள் விற்றாலும் விற்காவிட்டாலும் நீங்கள்தான் கட்டுவீர்கள், ஏனென்றால் கடன் பத்திரத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. எண்ணிட்ட பதிப்பு, சேகரிப்பாளர்களுக்கான சொத்து என்று இப்போது பரபரப்பாகப் பேசப்படும் இவற்றுக்கு வாடகையோ ஈவுத்தொகையோ கிடையாது. உங்களைவிட அதிகம் கொடுக்க இன்னொருவர் வர வேண்டும் என்பதொன்றே வருமானத்துக்கு வழி. மைத்துனர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். அவரிடம் நீங்கள் தனியாகப் பேசாமல், மனைவியையும் உடன் வைத்துக்கொண்டு, கார்டு பாக்கி தீரும்வரை புதுக் கடன் வாங்குவதில்லை என்று இருவருமாக முடிவெடுத்திருப்பதாகச் சொல்லுங்கள். அந்த உறவில் கசப்பு வராமலிருக்க அதுவே நல்ல வழி.

அவருடைய பங்கை விட்டுவிட்டு, கார்டை அடைப்பதற்கு மட்டும் தனிநபர் கடன் வாங்கலாமா என்றால், வட்டி குறையும் என்பது உண்மை. ஆனால் அப்படி அடைத்த மறுநாளே கார்டின் வரம்பு முழுவதும் மறுபடி திறந்துவிடும். கார்டைக் கடனால் அடைத்துவிட்டு, ஓராண்டில் கடனும் கார்டு பாக்கியுமாக என்னிடம் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் அதற்குத் தேவையும் இல்லை, ஏனென்றால் அடைக்கும் பணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

வங்கி வைப்பிலுள்ள 90,000 ரூபாயை எடுத்து உடனே கார்டில் கட்டுங்கள். மகளின் படிப்புப் பணம் என்று மனம் தயங்கும். 7 சதவீதம் என்று கொண்டால் அது ஆண்டுக்கு 6,300 ரூபாய் ஈட்டுகிறது; அதே 90,000 ரூபாய் கார்டில் பாக்கியாக நிற்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 46,000 ரூபாய் போகிறது. முதிர்வுக்கு முன்பே எடுப்பதால் வட்டி சிறிது குறையும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். சேமிப்புக் கணக்கின் 40,000 ரூபாயை மட்டும் தொடாதீர்கள். மருத்துவம் போன்ற திடீர்ச் செலவுக்கு அது இருந்தாக வேண்டும்.

மீதி 52,000. எஸ்.ஐ.பி.யைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்து, அந்த 6,000 ரூபாயையும் சேர்த்து மாதம் 14,000 கட்டினால், முதல் மாதம் 2,200 ரூபாயில் தொடங்கும் வட்டி வேகமாகக் குறைந்து, ஐந்தாவது மாதத்தில் பாக்கி தீர்ந்துவிடும். பரணிலிருந்து 20 பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து, உங்களைப் போல் கார் செய்பவர்களிடம் வாங்கிய விலையில் அறுபது சதவீதத்துக்கு விற்றால் 36,000 ரூபாய் வரும். அப்போது இரண்டாம் மாதமே முடிந்துவிடும். எதை விற்பது என்பதற்கு, அடுத்த ஐந்து ஆண்டுகளில் இதை நான் கையில் எடுப்பேனா என்ற கேள்வி போதும். சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். நகைக்கடனுக்கு வட்டி மிகக் குறைவுதான். ஆனாலும் ஒருவர் வாங்கிக் குவித்ததற்கு இன்னொருவர் தன் நகையைக் கழற்றிக் கொடுக்க வேண்டாம், பெட்டிகள் போனால் போதும்.

பாக்கி தீரும்வரை அந்தக் கார்டில் ஒரு ரூபாய்க்கும் வாங்காதீர்கள். இணையக் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரங்களை நீக்கிவிடுங்கள். முன்பதிவு செய்திருக்கும் மூன்று கிட்டுகளையும் ரத்து செய்யுங்கள், ஏனென்றால் அவற்றுக்கான பணம் நீங்கள் மறந்திருக்கும் நாளில்தான் பிடிக்கப்படும். பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் கம்ப்ரசருக்காகக் கேட்டிருந்த வட்டியில்லாத் தவணையும் இப்போது வேண்டாம்; செயலாக்கக் கட்டணமும், கணக்கில் காட்டப்படும் வட்டிப் பகுதிக்கான ஜி.எஸ்.டி.யும் உங்களிடமிருந்தே வரும், உடனே பணம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும்.

பெயின்ட், தின்னர், உப்புத்தாள் இவற்றுக்காக மாதம் 1,000 ரூபாயைத் தனியே ரொக்கமாக வைத்துக்கொண்டு, கையிலிருக்கும் பெட்டிகளில் ஒன்றை இந்த வாரமே தொடங்குங்கள். இதில் ஒரு செலவை மட்டும் குறைக்காதீர்கள். இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் பளபளப்புப் பூச்சைப் பால்கனியில் அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் கடினமாக்கியில் மூச்சுக்குத் தீங்கான ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும்; துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. உரிய வடிகட்டி பொருத்திய முகமூடி கிடைக்கும்வரை அந்தப் பூச்சை நிறுத்தி வையுங்கள். கிடைத்த பிறகும், அடிக்கும்போது மகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு தீர்ந்ததும் மாதம் 14,000 ரூபாய் விடுபடும். அதில் 8,000 ரூபாயை மகளின் பெயரில் ஆர்.டி.யாகப் போட்டால் ஓராண்டுக்குள் அந்த 90,000 மீண்டுவிடும். மீதி 6,000 ரூபாய்க்கு எஸ்.ஐ.பி. பழையபடி தொடரலாம். முழுப் பாக்கியையும் கட்டிய மறுமாதம், ஸ்டேட்மென்ட் வந்த நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையிலான வட்டியென்று சில நூறு ரூபாய் வரக்கூடும். தவறாக வந்திருக்கிறது என்று விட்டுவிடாமல் அதையும் கடைசி ரூபாய் வரை கட்டுங்கள். அதற்கடுத்த ஸ்டேட்மென்ட்டில் பாக்கி பூஜ்யம் என்று வந்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். கார்டை வைத்திருப்பதா, மூடுவதா என்பதை அப்போது பார்க்கலாம்.