பதிவை நிறுத்தும்போது உறையும் கணினி

கேள்வி: ஐயா, எங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) பாட்டிமார் பாடும் படகப் பாடல்களைப் பதிவு செய்வதற்காகப் பழைய பிசிஐ சவுண்ட் கார்டு ஒன்றைக் கணினியில் பொருத்தி, அதற்கான லினக்ஸ் டிரைவரை நானே எழுதி வருகிறேன். மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடும் டிரைவர், சில வேளைகளில் பதிவை நிறுத்தும் நொடியில் கணினியையே உறைய வைத்துவிடுகிறது. கார்டு ‘என்னைக் கவனி’ என்று குறிப்பு (இன்டரப்ட்) கொடுக்கும்போதெல்லாம் ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லர் 200 வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் ஸ்பின்லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டை) பிடித்துக்கொண்டு ஒலித் தரவை நகலெடுக்கிறேன், பஃபரில் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடத்தில்) எந்த இடம் என்று எண்ணுகிறேன், வால்யூமைச் சரிபார்க்கிறேன், கடைசியில் லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவுக்குத் தகவல் சொல்கிறேன். எதைக் குறைப்பது?
— கல்லூரி மாணவர், கோத்தகிரி

பதில்: முதலில் உறைவதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்; குறைக்க வேண்டியது எது என்பது அதிலிருந்தே விளங்கும். நீங்கள் பதிவை நிறுத்தும்போது ஆல்சா தன்னுடைய ஸ்ட்ரீம் பூட்டைப் பிடித்துக்கொண்டு ஒலி ஓட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் செய்யும் உங்கள் டிரிக்கர் செயற்கூற்றை அழைக்கிறது. அது உங்கள் ஸ்பின்லாக்கைக் கேட்கிறது. அதே நொடியில் மற்றொரு சிபியூவில் உங்கள் ஹேண்ட்லர் அந்த ஸ்பின்லாக்கை வைத்துக்கொண்டு, பஃபரின் ஒரு பகுதி (பீரியட்) முடிந்ததை ஆல்சாவுக்குச் சொல்லும் ‘பீரியட் எலாப்ஸ்டு’ செயற்கூற்றை அழைத்தால், அது ஸ்ட்ரீம் பூட்டுக்காகக் காத்து நிற்கும். இருவர் கையிலும் மற்றவருக்கு வேண்டிய பூட்டு இருப்பதால் இருவருமே நகர முடியாது. இரண்டும் ஒரே நொடியில் நேர வேண்டும் என்பதால்தான் என்றோ ஒரு நாள் மட்டும் உறைகிறது. பதிவு செய்யும் நிரல் பிந்திப்போய் பஃபர் நிரம்பி வழிந்தாலும் இதே ஆபத்து உண்டு. அப்போது ‘பீரியட் எலாப்ஸ்டு’ தானே உங்கள் டிரிக்கரை அழைத்து ஓட்டத்தை நிறுத்தும் என்பதால், ஒரே சிபியூ தன் பூட்டுக்குத் தானே காத்து நிற்கும். ஆகவே அந்த அழைப்புக்கு முன் உங்கள் பூட்டை விட்டுவிடுங்கள்.

இனி அந்த 200 வரிகள். மாலையில் பச்சை இலை எடை போடும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். சாக்கைத் தராசில் மாட்டி, எடையைக் குறித்துவிட்டு, அடுத்தவரை அழைப்பார்கள். இலையை வாட்டுவதும் உருட்டுவதும் ஃபேக்டரியில் நடக்கும். ஹேண்ட்லருக்கும் அந்த அளவு வேலைதான் உண்டு. கார்டின் நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, அதில் உங்கள் கார்டின் பிட் எதுவும் இல்லையென்றால் ‘ஐஆர்க்யூ நன்’ (இது என்னுடையதன்று) என்று திருப்பிவிடுங்கள். இருந்தால், கார்டு கேட்கும் முறையில் அதை அழித்து ஒப்புதல் கொடுங்கள். பல கார்டுகளில் படித்த மதிப்பையே திரும்ப எழுதினால் போதும், சவுண்ட் பிளாஸ்டர் 16 போன்றவற்றில் ஒரு போர்ட்டைப் படித்தாலே அழிந்துவிடும். அதன் பிறகு ஆல்சாவுக்குச் சொல்லிவிட்டு ‘ஐஆர்க்யூ ஹேண்டில்டு’ (கவனித்துவிட்டேன்) என்று திரும்புங்கள். ஒப்புதலைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால், இடையில் வந்த புதிய இன்டரப்டையும் சேர்த்து அழித்துவிட வாய்ப்புண்டு என்பதால், இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

‘நன்’ என்று நேர்மையாகச் சொல்வதும் முக்கியம். பழைய பிசிஐ கார்டுகள் ஒரே இன்டரப்ட் கம்பியை வேறு கார்டுகளோடு பகிர்ந்துகொள்கின்றன. ஒரு காலத்தில் நான் எப்போதும் ‘ஹேண்டில்டு’ என்றே திருப்பி வந்தேன். பக்கத்துக் கார்டில் இருந்த கோளாறு அதனால் மறைந்துகிடந்து, அதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் பிடித்தன. ஒரு கம்பியில் 1,00,000 இன்டரப்டுகள் வந்து அவற்றுள் 99,900-க்கு மேல் யாரும் ஏற்காமல் போனால், லினக்ஸின் மையமான கெர்னல் அந்தக் கம்பியையே மூடிவிடும். நம் டிரைவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் காவல் வேலை செய்யாது.

நகலெடுப்பை முழுவதுமாக நீக்கிவிடலாம். கார்டு டிஎம்ஏ வழியாக, சிபியூவின் கையை எதிர்பாராமல், தானே நினைவகத்தில் எழுதுகிறது. அந்தப் பகுதியையே ஆல்சாவின் பஃபராகக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு அங்கே வேலையில்லை. இடத்தை எண்ணுவதையும் விட்டுவிடுங்கள். ஒரு இன்டரப்ட் தாமதமாகி இரண்டு பீரியடுகள் கடந்துவிட்டால் உங்கள் எண்ணிக்கை பிசகும். இப்போது எந்த இடம் என்று ஆல்சா கேட்கும்போது பதில் சொல்லும் பாயின்டர் செயற்கூறு, கார்டின் டிஎம்ஏ ரெஜிஸ்டரை நேரடியாகப் படித்தால் பிசகாது. எத்தனை பீரியட் கடந்திருந்தாலும் ‘பீரியட் எலாப்ஸ்டு’வை ஒரு முறை அழைத்தால் போதும், மீதியை ஆல்சா கணக்கிட்டுக்கொள்ளும். வால்யூம் சரிபார்ப்பை வொர்க்கியூவுக்கு (கெர்னல் பிறகு செய்யும் வேலைகளின் வரிசைக்கு) அனுப்புங்கள். ஹேண்ட்லர் இருபது வரிக்குள் வந்துவிடும்.

கெர்னலைத் தொகுக்கும்போது ‘ப்ரூவ் லாக்கிங்’ வசதியைச் சேர்த்துக்கொண்டால், பூட்டுகளைப் பிடிக்கும் வரிசை முரண்படுவதை, உண்மையில் உறைவதற்கு முன்பே பதிவேட்டில் எழுதிக் காட்டும். அதைப் பார்க்காமல் பாட்டிமாரை அழைத்து உட்கார வைக்காதீர்கள்; ஒரு பாடல் பாதியில் அறுந்தால் அதே உருக்கத்தோடு மறுபடி பாடச் சொல்வது அவர்களுக்குக் கடினம்.

கேள்வி: பாடுபவர் தம் குரலை ஹெட்ஃபோனில் உடனுக்குடன் கேட்கும்படி பீரியடை 64 ஃப்ரேமாக (ஒலி மாதிரிகளாக) குறைக்கலாமா?
— இசை ஆசிரியை, குன்னூர்

பதில்: குறைக்கலாம். நொடிக்கு 48,000 ஃப்ரேம் என்ற வேகத்தில், 1,024 ஃப்ரேம் பீரியடுக்குச் சுமார் 21 மில்லிநொடிக்கு ஒரு இன்டரப்ட் வரும்; 64 ஃப்ரேமுக்கு நொடிக்கு 750 வரும். ஹேண்ட்லர் மேலே சொன்னபடி சிறியதாக இருந்தால் கணினிக்கு இது பாரமன்று. ஆனால் தரவைப் படிக்கும் நிரலும் 1.33 மில்லிநொடிக்கு ஒரு முறை விழித்தெழ வேண்டியிருக்கும். பதிவு மட்டுமே நோக்கமாக இருக்கும் நாளில் 1,024-லேயே விட்டுவிடுங்கள்.