சென்னை வேலைக்குக் குடும்பத்தோடு போகலாமா? முதலில் ஐந்தொகை போடுங்கள்

கேள்வி: காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 41. கைக்கு வருவது 38,000 ரூபாய். என் மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 14,000 ரூபாய். பள்ளத்தூரில் அப்பச்சி (அப்பா) காலத்துப் பங்கு வீட்டில் குடியிருக்கிறோம், வாடகை இல்லை. வீட்டுச் செலவு, மருந்து, மொய் எல்லாம் சேர்த்து மாதம் 34,000 ஆகிறது. சென்னை கிண்டியில் ஒரு நிறுவனம் மாதம் 85,000 ரூபாய் சி.டி.சி. என்று சொல்லி, அடுத்த மாதமே சேரச் சொல்கிறது. மகள் வரும் ஜூனில் 10-ம் வகுப்பு, மகன் 5-ம் வகுப்பு. ஆத்தாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறார். கையிருப்பு: ஒரே ரசீதாக 4 லட்ச ரூபாய் எஃப்.டி., 30 பவுன் நகை, மாதம் 5,000 ரூபாய் சீட்டில் இன்னும் 11 தவணை. இப்போதைய வேலையில் 4 வருடம் 10 மாதம் ஆகிறது. அடிப்படைச் சம்பளம் 20,000. குடும்பத்தோடு போகலாமா? வீட்டு அட்வான்ஸுக்கு நகையை அடகு வைக்கவா, அல்லது வீட்டில் என் பங்கை 6 லட்சத்துக்குக் கேட்கும் பங்காளிக்கு எழுதிக் கொடுத்துவிடவா? வாடகை கொடுப்பதைவிட 50 லட்சத்தில் ஃபிளாட் வாங்கிவிடலாமா?

பதில்: வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வருடம் நீங்கள் மட்டும் போங்கள். நகையைத் தொடவேண்டாம், பங்கை எழுதிக் கொடுக்கவேண்டாம், ஃபிளாட் பேச்சை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். ஏன் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். நீங்களும் கணக்கு எழுதுகிறவர். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் குறிப்பும் பேரேடும் எழுதி, கடைசியில் ஐந்தொகை (வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாம் சேர்ந்த முழுக் கணக்கு) போட்டுப் பார்த்த பிறகுதான் ஒரு கடையை நடத்துவதா மூடுவதா என்று முடிவு செய்தார்கள். ஊர் மாறுவதற்கும் அதுவே சரியான வழி.

முதலில் அந்த 85,000. சி.டி.சி. என்பது கைக்கு வரும் பணம் அல்ல. உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 42,500 என்று வைப்போம். நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 5,100. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், சுமார் 2,044. பத்து சதவீதம் ‘வேரியபிள்’ (வேலைத்திறனைப் பொறுத்துத் தரும் தொகை) என்று எழுதியிருந்தால் 8,500. அது பெரும்பாலும் வருட முடிவில்தான் வரும், இடையில் விலகினால் வராது. இவை போக மீதி 69,356. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 5,100, தொழில் வரி சுமார் 200 கழித்தால் கைக்கு 64,000 ரூபாய். உங்கள் கடிதத்தில் பிரிவுகள் சற்று மாறலாம். மனிதவளத் துறையிடம் மாதச் சம்பளச் சீட்டின் மாதிரியைக் கேட்டு வாங்கி, இதே வரிசையில் போட்டுப் பாருங்கள்.

வருமான வரி பற்றிக் கவலை வேண்டாம். புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம் வரை வரி இல்லை. நீங்கள் அதற்குள்தான் வருகிறீர்கள். ஆகவே எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) விலக்குக்காக வாடகை ரசீது சேர்ப்பதில் உங்களுக்குப் பலன் இல்லை. ‘சென்னையில் வாடகை கொடுத்தால் வரி மிச்சம்’ என்று யாராவது சொன்னால், அது பழைய முறையில் இருப்பவர்களுக்குப் பொருந்தும் பேச்சு.

இப்போது உங்கள் வருமானம் இருவருக்கும் சேர்த்து 52,000, செலவு 34,000, மிச்சம் 18,000. சீட்டுப் பணமும் இந்த மிச்சத்துக்குள்தான். குடும்பத்தோடு போனால் மனைவியின் 14,000 அன்றே நின்றுவிடும். 52,000 இருந்த இடத்தில் 64,000. கூடுவது 12,000 மட்டுமே. அதை வைத்துத்தான் சென்னை வாடகையைச் சமாளிக்க வேண்டும்.

சென்னைச் செலவை நான் இப்படி மதிப்பிடுகிறேன்: தாம்பரம் பக்கம் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 18,000, பராமரிப்பும் தண்ணீரும் 2,500, மின்சாரம், கேஸ் 2,500, மளிகை, பால், காய்கறி 14,000, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 9,000, போக்குவரத்து 3,000, போன், இணையம் 1,500, மருத்துவமும் சில்லறைச் செலவும் 4,000. மொத்தம் 54,500.

பலர் இந்த இடத்தில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். தவறு நடப்பது இங்கேதான். செட்டிநாட்டுக்காரர் ஊரை விட்டுப் போனாலும் ஊர்ச் செலவு நிற்பதில்லை. ஆத்தாவின் சாப்பாடு, மருந்து, மின்சாரம் 9,000. வீடு கூட்டிப் பார்த்துக்கொள்ள ஆள் 2,500. குடும்பமாக வந்துபோகும் செலவை வருடத்துக்குப் பரப்பினால் மாதம் 4,000. மொய், கோவில் புள்ளி வரி (குடும்பக் கணக்கில் கட்டுவது), படைப்பு (முன்னோர் வழிபாடு), பிள்ளையார் நோன்பு, பங்காளிகளோடு பகிரும் வீட்டுப் பழுது எல்லாம் சேர்த்து 3,000. ஆக 18,500. சென்னைச் செலவோடு கூட்டினால் 73,000. கைக்கு வருவதோ 64,000. இன்று மாதம் 18,000 மிச்சம் பிடிக்கும் குடும்பம் 9,000 பற்றாக்குறைக்குப் போகும்.

மனைவிக்குச் சென்னையில் 18,000 சம்பளத்தில் வேலை கிடைத்தாலும் மிச்சம் 9,000தான். இன்றைய மிச்சத்தில் பாதி. அவருக்கு வேலை இல்லாமல், இன்றுள்ள நிலை குறையாமல் எல்லோரும் போக வேண்டுமானால் உங்கள் கைக்கு மட்டும் 91,000 வர வேண்டும். சம்பளம் பேசும்போது இந்த எண் மனதில் இருக்கட்டும்.

நீங்கள் மட்டும் போனால்? தங்கும் விடுதி, சாப்பாட்டோடு 10,000. மதிய உணவு, பயணம், போன் 5,000. மாதம் இருமுறை ஊர் வர 4,000. மொத்தம் 19,000. வீட்டில் உங்கள் பெட்ரோலும் சாப்பாடும் குறைந்து 34,000 என்பது 30,000 ஆகும். வருமானம் 64,000, மனைவியின் 14,000 சேர்த்து 78,000. செலவு 49,000. மிச்சம் 29,000. வருடத்துக்கு 3.48 லட்சம், வேரியபிள் தனி.

பிரிந்திருப்பதன் சிரமத்தை நான் குறைத்துப் பேசவில்லை. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் மூன்று வருஷக் கணக்கில் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்தில் வீடு ஊரிலேயே இருந்தது. உங்களுக்கு இரவு ரயிலில் ஏறினால் விடியும்போது வீடு. 10-ம் வகுப்பு நடுவில் மகளுக்குப் பள்ளி மாற்றுவதைவிட இது மேல். தேர்வு முடிந்ததும் 11-ம் வகுப்புக்கு எப்படியும் பாடப் பிரிவு பார்த்துப் புதிதாகச் சேர்க்கத்தான் போகிறீர்கள். குடும்பம் மாற அதுவே இயல்பான வேளை. தனியார் பள்ளிகள் ஆசிரியர்களை எடுப்பதும் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான்.

சேரும் தேதியில் அவசரப்படாதீர்கள். ஐந்து வருடம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி கேள்வியில்லாமல் கிடைக்கும். கணக்கு: 20,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் 5ஆலும் பெருக்கினால் 57,692 ரூபாய். உங்களுக்கு வேண்டியது இன்னும் இரண்டே மாதம். நான்கு வருடத்துக்கு மேல் 240 நாள் வேலை பார்த்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை வைத்து நிறுவனத்தோடு வாதாடி வாங்குவதைவிட, வேலையை விடும் தேதியை ஐந்து வருடம் முடிந்து ஒரு வாரம் தள்ளி வைத்துக்கொள்வது எளிது. புதிய நிறுவனத்திடம் ‘நோட்டீஸ் காலம் இருக்கிறது’ என்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். நியமனக் கடிதம் கையில் வராமல் ராஜினாமா கொடுக்கக்கூடாது. வாய்ச்சொல்லையும் போனில் வந்த செய்தியையும் நம்பி விட்டவர்கள் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்கிறார்கள். பி.எஃப். பணத்தை எடுக்காமல் அதே யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) எண்ணில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆத்தாவின் மருத்துவக் காப்பீட்டை இந்த மாதமே பாருங்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோர் சேர்வார்களா, அதற்குத் தனிப் பிரீமியம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். சேர்ந்தாலும் வேலையை விட்ட அன்று அது போய்விடும். அவர் பெயரில் தனியாக ஒரு பாலிசி எடுங்கள், சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். இன்று எடுத்தால் இன்றே ஓடத் தொடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

இனி பணம். விடுதிக்குப் போக உங்களுக்குப் பெரிய தொகை தேவையில்லை, ஒரு மாதச் சம்பளத்துக்குள் முடியும். அடுத்த வருடம் குடும்பம் மாறும்போது மூன்று மாத அட்வான்ஸ் 54,000, முதல் மாத வாடகை 18,000, தரகு 18,000, லாரி 25,000, சில்லறை வேலைகள் 10,000, ஆக 1.25 லட்சம். அதற்குள் புதிய மிச்சமே 3 லட்சத்தைத் தாண்டியிருக்கும். எஃப்.டி. முழுவதையும் அவசரக் கையிருப்பாக விட்டுவிடலாம். முதிர்வுத் தேதியில் அதை நான்கு ஒரு லட்ச ரசீதுகளாகப் பிரித்துப் போடுங்கள்; அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். சீட்டை 11 தவணையும் கட்டி முடியுங்கள். நகை லாக்கரிலேயே இருக்கட்டும். லாக்கரை மனைவி பெயரோடு கூட்டாக மாற்றி, வாரிசு நியமனம் செய்யுங்கள். ரயிலில் நகையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

பங்கு வீடு பற்றி அழுத்திச் சொல்கிறேன். 1.25 லட்சத் தேவைக்கு, அதுவும் ஒரு வருடம் கழித்து வரப்போகும் தேவைக்கு, ஒரு தலைமுறைச் சொத்தை எழுதிக் கொடுப்பது பெரிய இழப்பு. பிரிக்கப்படாத பங்குக்கு வெளியாள் வரமாட்டார். பங்காளி ஒருவர்தான் கேட்பார். ஆகவே விலையை அவரே வைப்பார். எப்போதாவது விற்பதானால் பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து வைத்து, மனை அளவுக்கு வழிகாட்டி மதிப்பு போட்டுப் பார்த்த பிறகு பேசுங்கள். விற்ற லாபத்துக்கு, மேலே சொன்ன வருமான வரிச் சலுகை பொருந்தாது. 2024 ஜூலை 23-க்கு முன் வந்த சொத்து என்பதால் 12.5 சதவீதம், அல்லது பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம், இதில் எது குறைவோ அதைக் கட்டலாம். 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். மகள் கல்யாணத்துக்கு வளவு (வீட்டின் முற்றத்தோடு கூடிய பகுதி) வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஃபிளாட் விஷயம் சுருக்கமாக. 50 லட்சத்துக்கு வங்கி 80 சதவீதத்துக்கு மேல் கடன் தராது. உங்கள் கையிலிருந்து 10 லட்சம், பத்திரச் செலவு தனி. 40 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் தவணை சுமார் 34,700. கைக்கு வரும் 64,000-ல் பாதிக்கு மேல். வேலையும் புதிது, ஊரும் புதிது. இரண்டு வருடம் கழித்துப் பாருங்கள்.

வாடகை வீடு தேடும் வேலையை நீங்கள் அங்கே இருக்கும் இந்த ஒரு வருடத்தில் நிதானமாகச் செய்யலாம். தனியாகப் போவதில் இது பெரிய லாபம். தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் என்று நான் கணக்குப் போட்டதற்குக் காரணம் உண்டு. கிண்டிக்கு மின்சார ரயிலில் நேராகப் போகலாம், ஊருக்குப் போகும் ரயிலைத் தாம்பரத்திலேயே பிடிக்கலாம், தென்மாவட்டப் பேருந்துகள் புறப்படும் கிளாம்பாக்கமும் அருகில். ஆனால் அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு தண்ணீர் நிலைமை மாறும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015-ல் வெள்ளம் புகுந்த தெருக்கள் உண்டு. வீட்டுக்காரரிடம் கேட்காமல், எதிர்க் கடைக்காரரிடம் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும். கோடையில் ஒருமுறை போய், குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீரா லாரித் தண்ணீரா என்றும் பாருங்கள்.

மின் மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான். நான்கு குடித்தனம் ஒரே இணைப்பில் இருந்தால் அந்தச் சலுகை கரைந்துபோகும், கூட்டுக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டி யூனிட் விலையும் ஏறும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை ஆணையத்தில் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து இதுதான் நடைமுறை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. எனவே பத்து மாதம் கேட்பவரின் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சட்டத்தைக் காட்ட முடியாது. காலி செய்யும்போது பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் தொகையாக எழுதி வாங்குங்கள். அட்வான்ஸில் தகராறு வருவது பெரும்பாலும் அந்த ஒரு வரி இல்லாததால்தான்.

தேக்கு பீரோவும் மங்கு சாமான்களும் வீட்டிலேயே இருக்கட்டும். லாரி வாடகை ஏறுவது இவற்றால்தான், 18,000 ரூபாய் வீட்டில் வைக்க இடமும் இருக்காது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. அந்தத் தேதிகளை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தவறவிட்டால் ஆம்னி பேருந்துக்குக் கொடுக்கும் தொகை, நான் மாதம் 4,000 என்று வைத்த பயணக் கணக்கை ஒரே முறையில் தின்றுவிடும்.