படம் வரைய வராத மகள் ஆர்க்கிடெக்ட் ஆகலாமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ கணிதப் பிரிவில் படிக்கிறாள். பெரிய அலுவலகக் கட்டடங்களை வடிவமைக்க ஆசை, பி.ஆர்க்.தான் வேண்டும் என்கிறாள். ஆனால் ஒரு முகம்கூட ஒழுங்காக வரைய வராது. சிவில் இன்ஜினீயரிங்கே போதும் என்கிறார் அவள் அப்பா. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பதில்: படம் வராது என்பதற்காக மட்டும் பயப்படாதீர்கள் அம்மா. லண்டனில் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தைக்குக் கட்டடம் வடிவமைத்த ரிச்சர்ட் ராஜர்ஸுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளை வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் குறைபாடு இருந்தது. மாணவராக இருந்தபோது அவருடைய வரைபடங்கள் மோசம் என்று ஆசிரியர்களே எழுதி வைத்தார்கள். 2007இல் அவருக்குக் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அவருடன் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்த நார்மன் ஃபாஸ்டர், 16 வயதில் பள்ளியை விட்டு மான்செஸ்டர் நகராட்சியில் குமாஸ்தா வேலைக்குப் போனவர். 21 வயதில்தான் கட்டடக்கலை படிக்க வந்தார். 1963இல் இருவரும் கூட்டாக அலுவலகம் தொடங்கி, நான்கே ஆண்டுகளில் தனித்தனி வழியில் போனார்கள்.

இந்த இருவரும் வடிவமைத்த இரண்டு அலுவலகக் கட்டடங்கள் லண்டனில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் நிற்கின்றன. அவற்றின் படங்களை மகளிடம் காட்டுங்கள்.

1986இல் திறந்த லாயிட்ஸ் கட்டடத்தில் லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை, குழாய்கள் எல்லாம் வெளிப்புறத்தில் தொங்குகின்றன. பார்த்தால் தொழிற்சாலையோ என்று தோன்றும். காரணம் இருக்கிறது. அந்த நிறுவனம் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குள் இரண்டு கட்டடங்களில் இடம் போதாமல் வெளியேறியது. அதனால் உள்ளே தடுப்பில்லாத தளங்கள் கேட்டது. குழாயும் லிஃப்டும் கட்டடத்தைவிடச் சீக்கிரம் பழசாகும், வெளியே இருந்தால் மாற்றுவது சுலபம் என்பது ராஜர்ஸின் கணக்கு. வெயிலிலும் மழையிலும் கிடப்பதால் பராமரிப்புச் செலவு அதிகம் என்று பிற்பாடு முணுமுணுப்பும் வந்தது.

ஃபாஸ்டரின் 'கெர்க்கின்' 2004இல் திறக்கப்பட்டது. 180 மீட்டர் உயரம், வெள்ளரிக்காய் வடிவம். காற்று மோதிக் கீழே இறங்கித் தெருவில் நடப்பவரைத் தள்ளாமல், சுற்றி வழுக்கிக்கொண்டு போகத்தான் அந்த உருண்டை உடம்பு. வளைந்து தெரியும் அதில் நிஜமாக வளைந்த கண்ணாடி உச்சியில் உள்ள ஒன்று மட்டுமே. மற்றவை எல்லாம் தட்டை. தட்டைக் கண்ணாடிகளை வைத்தே வளைவைக் கொண்டுவருவது கணக்குதான். கணிதம் எதற்கு என்று மகள் இனி கேட்கமாட்டாள்!

சரி, படங்களைப் பார்த்துவிட்டு அவள் என்ன கேட்கிறாள் என்று கவனியுங்கள். "குழாயை ஏன் வெளியே வைத்தார்கள்? உள்ளே வேலை செய்பவருக்கு வெளிச்சம் வருமா?" என்று கேட்டால் பி.ஆர்க். பக்கம் போகலாம். "இது எப்படி விழாமல் நிற்கிறது?" என்பதிலேயே மனம் நின்றால் சிவில்தான் அவளுக்கு இடம், பிறகு ஸ்ட்ரக்சுரல் பிரிவில் எம்.இ. இந்த இரண்டு கட்டடங்களுக்கும் கட்டமைப்புப் பொறியியல் செய்தது ஆரப் என்ற ஒரே நிறுவனம். ஆகவே அவள் அப்பா சொல்வது ஒன்றும் மட்டமான படிப்பு இல்லை. அது வேறு வேலை, அவ்வளவுதான். "சூப்பரா இருக்கு" என்பதோடு நின்றுவிட்டால் இப்போதைக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

பி.ஆர்க். ஐந்து ஆண்டுப் படிப்பு. அதில் சேர நாட்டா என்ற நுழைவுத் தேர்வு அல்லது ஜே.இ.இ. மெயின் தேர்வின் இரண்டாம் தாள் எழுத வேண்டும். இரண்டிலும் வரைதல் உண்டு, ஆனால் யாரும் முகம் வரையச் சொல்லி ஓவியப் போட்டி வைப்பதில்லை. பொருள்களையும் இடத்தையும் சரியான அளவில் காட்டத் தெரிய வேண்டும். அது பழகினால் வரும். இப்போதே தினமும் அரை மணி நேரம் பென்சில் பிடிக்கட்டும். கணிதத்தை மட்டும் கோட்டை விட்டுவிடக் கூடாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்திலேயே பாருங்கள், முகவர்கள் பேச்சை நம்ப வேண்டாம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவு, ராத்திரி வேலை அதிகம். கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் இதை வைத்தே தவணையைக் கணக்குப் போடுங்கள்.